கரண்ட் அடுப்பு வாங்குவதா, வேண்டாமா?

மூன்று கிழமையாக எங்கள் போர்டிங் அறையில் இதே பேச்சுதான். இன்டக்‌ஷன் குக்கர் ஒன்று வாங்குவதா, வேண்டாமா? பெனிதெனியவில் ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிறோம். காசைப் பிரித்துப் போட்டு ஒன்று வாங்கினால் கிழமை நாட்களில் இங்கே சமைக்கலாம், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறவள் தூக்கிக்கொண்டு போகலாம். இதுதான் முதல் திட்டம். மற்ற இருவருக்கும் வீடு மட்டக்களப்பிலும் மன்னாரிலும். மாதத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிய விஷயம். ஆகவே தூக்கிக்கொண்டு போகப்போவது நான்தான். கலஹா வீதி கம்பஸுக்கு நடுவாலேயே போகிறது. பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் கலஹா டவுன், அதற்கு மேலே நடை.

“அப்போ சனி ஞாயிறு நாங்க ரெண்டு பேரும் பட்டினியாடி?” என்று மட்டக்களப்புக்காரி கேட்டாள். நியாயமான கேள்வி. திட்டம் அங்கேயே பாதி செத்துப்போனது. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. உண்மையில் நான் அந்த அடுப்பை போர்டிங்குக்காக வாங்க நினைக்கவே இல்லை. அம்மாவுக்காகத்தான்.

அம்மா இன்னும் விறகில்தான் சமைக்கிறார். கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு வருவார். மழை நாளில் அது ஈரம். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, கண் சிவந்து, இருமி, பிறகுதான் தேத்தண்ணி. லயத்துக் குசினியில் புகை போக இருப்பது கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளி மட்டும்தான். சின்ன வயதில் அந்த வாசம் என் யூனிஃபோமிலும் இருக்கும். டவுன் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் வரும் புகையால் 2020 இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. ஆக, நம் ஊரில் கரண்ட் அடுப்பு வாங்குவதா என்ற கேள்வி ஆடம்பரப் பொருள் பற்றியது இல்லை. யாருடைய நெஞ்சுக்குள் புகை போகிறது என்பது பற்றியது.

சரி, புகை கெட்டது, வாங்கிவிடலாமே? அவ்வளவு லேசாக முடிகிற விஷயம் என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் 2022. எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வருஷம் ஞாபகம் இருக்கும். அதற்கு முன் 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,675க்குப் போனது. நவம்பர், டிசம்பரில் அங்கங்கே கேஸ் அடுப்புகள் வெடித்தன. புரொப்பேனையும் பியூட்டேனையும் கலக்கும் விகிதத்தை மாற்றியதுதான் பெரிய காரணம் என்று பேசப்பட்டது. 2022 ஏப்ரல் கடைசியில் லிட்ரோ சிலிண்டர் 4,860 ரூபா. அதுவும் கிடைத்தால்தான். சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, அதுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் தூங்கினார்கள். அப்போது கையில் காசு இருந்தவர்கள் ஓடிப்போய் ஹொட் பிளேட்டும் இன்டக்‌ஷனும் வாங்கினார்கள். மார்ச் 31 ஆம் தேதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. வாங்கின அடுப்பு மேசையில் அலங்காரமாக இருந்தது. டவுனில் மாடி வீட்டில் இருக்கிற என் சித்தி அந்த நாட்களில் பல்கனியில் மூன்று செங்கல் வைத்துச் சோறாக்கினார். எங்கள் லயத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. “எங்களுக்கு கேஸும் இல்ல, கேஸ் தட்டுப்பாடும் இல்ல” என்று அம்மா சிரித்தார். எனக்கு அப்போது அது பகிடியாகத்தான் பட்டது.

இப்போது கடைக்குப் போவோம். கண்டி டவுனில் யட்டிநுவர வீதிப் பக்கம் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைக்காரப் பொடியன் இன்டக்‌ஷன் மேல் தண்ணீர்ச் சட்டியை வைத்து, கீழே ஒரு பேப்பர் துண்டை விரித்து, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க பேப்பர் எரியாமல் இருப்பதைக் காட்டினான். மந்திரம் மாதிரித்தான் இருக்கும். உள்ளே ஒரு செம்புச் சுருள். அதில் வேகமாக மாறி மாறி ஓடும் மின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் சட்டியின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட, சட்டியே தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. அடுப்பு சூடாவதில்லை என்பதால் வெப்பம் வீணாவது குறைவு. ஆனால் சட்டியின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும்.

இங்கேதான் எங்கள் வீட்டில் இடிக்கிறது. அம்மாவின் குசினியில் இருப்பவை அலுமினியச் சட்டி, மண்சட்டி, அடி வளைந்த தாச்சி, ரொட்டிக்கல். ஃபிரிஜ் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். ரொட்டிக்கல்லைத் தவிர எதிலும் ஒட்டவில்லை. அதாவது அடுப்பு வாங்கினால் சட்டி முட்டி எல்லாம் புதுசாக வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்லாத செலவு அதுதான். இன்ஃப்ராரெட் என்று இன்னொன்று இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே சுருள் சிவந்து எரியும், அடி தட்டையான எந்தச் சட்டியையும் வைக்கலாம். ஆனால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். மேற்பரப்பு அணைத்த பிறகும் நெருப்புத்தான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பயம்.

அடுத்தது வயரிங். இதை யாரும் யோசிப்பதே இல்லை. நமது மின்சாரம் 230 வோல்ட். 2000 வொட் அடுப்பை முழு வேகத்தில் போட்டால் கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலும் லயங்களிலும் இருக்கும் சின்ன உருண்டைக் கால் பிளக் 5 அம்பியருக்கானது. அதில் ஒரு அடப்டர், அடப்டரில் எக்ஸ்டென்ஷன் வயர், அதன் நுனியில் 2000 வொட் அடுப்பு. இப்படித்தான் நாங்கள் வாழ்கிறோம். எங்கள் போர்டிங்கில் முன்பு இருந்த அக்காமார் தண்ணீருக்குள் போடும் கொயில் ஹீட்டரை இப்படிப் பாவித்ததில் பிளக் பேஸ் உருகிய தடம் இன்னும் சுவரில் இருக்கிறது. ஆன்ட்டி புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவார். “ரைஸ் குக்கர் பரவாயில்லை, அயன் பரவாயில்லை, கரண்ட் அடுப்பு மட்டும் வேண்டாம் மகள்” என்று சிங்களத்தில் சொல்வார். விடுதிகளிலும் இதே சட்டம்தான். முன்பு கோபம் வரும். அம்பியர் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு ஆன்ட்டி பக்கம் சேர்ந்துவிட்டேன்.

இதே கணக்கை வெளிநாட்டிலும் போடுகிறார்கள். ஐரோப்பாவில் கெரவன் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுபவர்களுக்கு, அவர்கள் தங்கும் இடத்தில் கிடைக்கும் இணைப்பு சில இடங்களில் 6 அம்பியர், சில இடங்களில் 10 அல்லது 16. அதனால் அவர்கள் அடுப்பு வாங்கும்போது முதலில் பார்ப்பது நிறமோ பட்டனோ இல்லை, வொட் எவ்வளவு என்பதைத்தான். ஹீட்டரையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் இருட்டு. விடுமுறைக்குப் போனவர்களுக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு. எங்களுக்கு, பத்துக் காம்பிரா உள்ள ஒரு லயத்தில் தீப்பிடித்தால் பத்துக் குடும்பமும் வெளியே நிற்கும்.

லயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் பல்பும் டிவியும் போட்டால் வோல்டேஜ் இறங்கிவிடும். சுருளைச் சூடாக்கும் சாதனங்களில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறையும். 230 வோல்ட் 200 ஆனால் கிடைப்பது முக்கால் பங்கு சூடுதான். மலை உயர உயர தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்குப் பருப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இனி பில். நான் கலைப் பீடம், கணக்கு எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஆனாலும் இந்தக் கணக்கை ஒருவரும் எனக்குப் போட்டுத் தரவில்லை, ஆகவே நானே போட்டேன். பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு கிலோ கேஸில் இருப்பது ஏறத்தாழ 12.8 யுனிட் வெப்பம். 12.5 கிலோ சிலிண்டரில் 160 யுனிட். கேஸ் அடுப்பில் பாதி சட்டியைச் சுற்றிக் காற்றோடு போய்விடும் என்று வைத்துக்கொண்டால் சட்டிக்குள் போவது 80. 2024 ஜூலையில் வந்த கொழும்பு விலை 3,690 ரூபா. கண்டிக்கு வரும்போது போக்குவரத்துச் செலவும் சேரும். கொழும்பு விலையிலேயே பார்த்தால் ஒரு யுனிட் வெப்பம் 46 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ மூன்று நாள் கொழுந்து.

மின்சாரம் இப்படி நேராக இல்லை. படி படியாக ஏறுகிறது. 2025 ஜூன் கட்டணப்படி, மாதம் 60 யுனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 30 யுனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யுனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 210. ஆனால் 60ஐத் தாண்டினால் வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறோம். அங்கே முதல் யுனிட்டிலிருந்தே 12.75, 61 முதல் 90 வரை 18.50, நிலையான கட்டணம் 400.

எங்கள் வீட்டில் மாதம் சராசரியாக 48 யுனிட். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் பில் 489 ரூபா. காலையும் இரவும் கரண்டில் சோறாக்கினால், ஒரு பானைக்கு கால் யுனிட் என்று வைத்தால், மாதம் 15 யுனிட் கூடும். 48 என்பது 63 ஆகும். பில் 1,220 ரூபா 50 சதம். அதாவது 15 யுனிட்டுக்கு 731 ரூபா 50 சதம். இதே சூட்டை கேஸில் எடுத்தால் 700 ரூபா கூட வராது. விறகில் எடுத்தால் காசு பூச்சியம், அம்மாவின் முதுகும் நெஞ்சும்தான் செலவு.

நான் இரண்டு தடவை அழித்து அழித்துப் போட்டேன். எங்கோ பிழை விட்டேன் என்று நினைத்தேன். பிழை இல்லை. 60 யுனிட்டோடு நிறுத்தினால் பில் 585. 61 ஆனால் 1,183 ரூபா 50 சதம். அந்த ஒரு யுனிட்டின் விலை 598 ரூபா 50 சதம்!

கொழும்பில் ஏசி போட்டு 300 யுனிட் எரிக்கும் வீட்டுக்கு ஒரு யுனிட் கூடினால் 61 ரூபா. எங்கள் அம்மாவுக்கு, புகையிலிருந்து வெளியே வர எடுத்து வைக்கும் அந்த ஒரு யுனிட்டுக்கு கிட்டத்தட்ட 600. குறைவாகப் பாவிப்பவர்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் இந்தப் படிகள் கட்டப்பட்டன என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படியில் இருப்பவர்கள் பல்பும் டிவியும் மட்டும் பாவித்துக்கொண்டு, சமையலுக்கு விறகையே நம்பியிருக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்தது மாதிரி இருக்கிறது. விறகை விட்டு வருபவர்களை இப்படித் தண்டிக்கும் கட்டண முறையை இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாற்ற வேண்டும். 60லிருந்து 90 வரை மெதுவாக ஏறும் சரிவு ஒன்றைக் கட்டுவது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. கட்டணத் திருத்தம் வரும்போதெல்லாம் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே போய் லயத்துக் குசினி பற்றிப் பேசுபவர்கள் எத்தனை பேர்? தோட்டச் சம்பளத்துக்குக் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்கும் கூட வேண்டும்.

இந்தக் கணக்கை எல்லாம் அம்மாவுக்கு போனில் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, “அடுப்ப எடுத்துட்டா குளிருக்கு என்ன புள்ள செய்யுறது? ஈரத்துணி எங்க காயும்?” என்றார். உண்மைதான். எங்கள் அடுப்பு சமைக்க மட்டும் இல்லை. அதைச் சுற்றித்தான் விடிய எழும்பி உட்காருவோம். மேலே கட்டிய கம்பியில் தம்பியின் சப்பாத்து மேஸ் காயும். குளிக்கச் சுடுதண்ணி ஒரு பக்கம் கொதிக்கும். புகையை விரட்டினால் சூடும் கூடவே போகும். கடையில் விற்கும் எந்த அடுப்பின் பெட்டியிலும் இது எழுதியிருக்காது.

போன நவம்பர் கடைசியில், 2025 இல், டித்வா புயல் வந்தபோது நான் போர்டிங்கில் இருந்தேன். கண்டி மாவட்டம் முழுக்க மண்சரிவு. கம்பளை, பேராதனைப் பக்கம் மகாவலி ஏறி வந்தது. பாதை இல்லை, சிக்னல் இல்லை, கரண்ட் நாட்கணக்கில் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அம்மாவின் குரல் கேட்டது. ஸ்தோப்பில் அடுக்கி வைத்திருந்த விறகில் பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துச் சோறாக்கினார்களாம். கரண்ட் அடுப்பு மட்டும் இருந்திருந்தால் அந்த நாட்களில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? அதே ஆண்டு பெப்ரவரி 9 ஆம் தேதி பாணந்துறையில் ஒரு குரங்கு போய் மாட்டியதில் நாடு முழுக்க இருண்டதையும் மறக்கவில்லை. விறகைப் பழமை என்று சொல்லி ஒரேயடியாகக் கைவிடச் சொல்பவர்களை இனி நான் நம்ப மாட்டேன். புகையோடு சும்மா இருந்துகொள் என்பவர்களையும்தான்.

ஆகவே இன்டக்‌ஷன் வாங்கவில்லை. சாதாரண 500 வொட் ரைஸ் குக்கர் ஒன்று, அம்மாவுக்கு. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கும் அந்தக் கறுப்புக் கண்ணாடி அடுப்பு மேல் ஒரு ஆசை இருந்தது. ஆனால் ரைஸ் குக்கர் இழுப்பது 2.2 அம்பியர்தான், பழைய பிளக் தாங்கும். சட்டியும் கூடவே வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் சோறாக்கினால் மாதம் ஏழரை யுனிட். 48 ஐம்பத்தைந்தரை ஆகும், 60ஐத் தாண்டாது. கூடும் பில் 60 ரூபா.

அடுப்பில் அதிக நேரம் எரிய வேண்டியது சோற்றுக்குத்தான். கறி கால் மணித்தியாலம், ரொட்டி பத்து நிமிஷம். வேலைக்குப் போகுமுன் விடிய நாலரைக்கு எழும்பி ஊதுகிற அந்த ஊதல் மட்டும் நின்றால்கூடப் போதும் என்று நினைத்தேன். பின்னேரம் அடுப்பு எரியட்டும், துணி காயட்டும்.

இதை வாசித்துக்கொண்டு போனபோது ஒரு கதை கிடைத்தது. ஜப்பானில் 1955 இல் தோஷிபா கம்பெனி விற்க ஆரம்பித்த முதல் தானியங்கி ரைஸ் குக்கரை உருவாக்கியவர் யொஷிதாதா மினாமி. அதற்காகத் திரும்பத் திரும்பச் சோறாக்கிப் பார்த்து, நேரமும் வெப்பநிலையும் குறித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. இப்போதைய சாதாரண குக்கர்களில் சட்டிக்குக் கீழே ஒரு காந்தம் இருக்கும். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100ஐத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், 103 பாகை அளவில் அந்தக் காந்தம் தன் இழுக்கும் சக்தியை இழக்கும், ஸ்பிரிங் விடுபடும், ‘டிக்’ என்று வோமுக்கு மாறும். பொத்தானை அழுத்திவிட்டு ஆள் வேறு வேலை பார்க்கலாம்.

இரண்டு கிழமைக்கு முன் வெள்ளிக்கிழமை கலஹா பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். போர்டிங்குக்கு மூன்று பேரும் சேர்ந்து அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டோம், அதைத் தூக்கிக்கொண்டு திரியும் திட்டம் இல்லை. அம்மா முதல் நாள் குக்கருக்குப் பக்கத்திலேயே நின்றார். ‘டிக்’ சத்தம் கேட்டதும் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, “கொஞ்சம் குழைஞ்சிருச்சு” என்றார். அடுத்த நாள் தண்ணீரைக் குறைத்தார். இப்போது காலைச் சோறு அதில்தானாம். ஆனால் விடிய நாலரைக்கு எழும்புவது நிற்கவில்லை, பழக்கமாம். எழும்பி தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிடுகிறார். அடுத்த மாசம் ஒரு கேத்தல் வாங்கினால் எத்தனை யுனிட் கூடும் என்று பார்க்க வேண்டும். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 0.11 யுனிட் அளவில், நாளைக்கு ஒரு தடவை என்றால் மாதம் 3.3. ஐம்பத்தைந்தரையோடு கூட்டினால் 58.8. இன்னும் 1.2 மிச்சம் இருக்கிறது.